ஊசிக்குக் காதா, கண்ணா? ஆங்கில இலக்கியச் சொற்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஆங்கில டியூஷனுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு மாணவி போன மாதம் ஒரு கவிதையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தந்த விடையைத் தமிழில் சொல்கிறேன்: "இந்தக் கவிதையில் கவிஞர் சிமிலி, மெட்டஃபர், பெர்சோனிஃபிகேஷன், இமேஜரி ஆகியவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். இதனால் கவிதை மேலும் சுவாரஸ்யமாகிறது."

அவ்வளவுதான் விடை. நான்கு சொல்லும் சரி, நான்கும் அந்தக் கவிதையில் இருக்கத்தான் செய்தன. நான் போட்ட மதிப்பெண் பத்துக்கு இரண்டு.

"எல்லாமே கரெக்டாத்தானே எழுதியிருக்கேன் டீச்சர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடையிலிருந்து வெளியே வருகிறவரிடம் "இன்னைக்குக் குழம்பு எப்படி?" என்று கேட்கிறோம். அவர் "மல்லி, மிளகாய், சோம்பு, மஞ்சள்" என்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அவள் விடையும் அப்படித்தான் இருந்தது.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டு முதல் இடைநிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்துக்குள்ளேயே இலக்கியப் பகுதி இருக்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கில இலக்கியத்தைத் தனி விருப்பப் பாடமாக எடுப்பவர்களும் உண்டு. அதனால் இந்தச் சொற்கள் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் விழுந்துவிடுகின்றன. விழுந்த வேகத்தில் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமும் ஆகிவிடுகின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. இந்தச் சொற்கள் குறிக்கும் விஷயங்களில் பாதியை அவர்கள் உவமை, உருவகம், மோனை என்று ஏற்கெனவே படித்திருப்பார்கள். அது பெரிய கைமுதல். சில இடங்களில் அதுவே காலையும் வாரிவிடும், ஏனென்றால் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

## பெயர் எதற்கு?

மோட்டார் பட்டறைக்குப் போய் "வண்டி என்னமோ சத்தம் போடுது" என்று சொன்னால், மெக்கானிக் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். "பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தில் கிரீச்சிடுது" என்றால் நேராக அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். இலக்கியச் சொல்லும் இதற்குத்தான். ஒரு வரி நம்மை என்னவோ செய்கிறது; எந்த இடத்தில், எதனால் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு பெயர் வேண்டும். விரல் வைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. என் மாணவி நான்கு இடத்தில் விரலை வைத்தாள், நான்கிலும் உடனே எடுத்துவிட்டாள்.

இந்தக் கட்டுரைக்காக நானே நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். பெரிய கவிதை ஒன்றும் இல்லை. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே கடலில் ஓடிய பழைய இரண்டடுக்குப் பெர்ரியை, அதாவது பயணக் கப்பலை, நினைத்துக்கொள்ளுங்கள், கீழே கார், மேலே ஆள்.

கடைசிப் பெர்ரி, களைத்த எருமை,
துறையில் தலை முட்டி மூச்சு விடுகிறது.
இறங்குகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கயிற்றுக்காரர் மட்டும் கழுத்தைத் தடவிக் கட்டுகிறார்.

இதை அடிக்கடி தொட்டுக்கொள்வோம்.

## இமேஜரி: படம் மட்டும் இல்லை

இமேஜ் என்றால் படம், ஆகவே இமேஜரி என்றால் கண்ணுக்குத் தெரிவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று எந்தப் புலனைத் தொடும் சொல்லும் இமேஜரிதான். "பெலாச்சான் வறுபடும் நெடி படியேறி மூன்றாம் மாடி வரை வந்தது" என்ற வரியில் படம் குறைவு, மூக்குக்குத்தான் வேலை. அதுவும் இமேஜரி. இதில் ஒப்புமை எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். எதையும் எதனோடும் ஒப்பிடாமலே இமேஜரி அமையும்.

## சிமிலியும் மெட்டஃபரும்

சிமிலி என்பது உவமை. ஒன்றை வேறொன்றோடு "போல" என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்பிடுவது. தமிழில் போல, அன்ன, புரைய, ஒப்ப என்று உவம உருபுகள் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் பெரும்பாலும் "லைக்", "ஆஸ்" என்ற இரண்டே உருபுகள் பெரும்பாடு படுகின்றன.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் வேறு வேலைகளும் உண்டு. "ஐ லைக் கோப்பி" என்ற வாக்கியத்தில் லைக்கின் கீழே கோடு போட்டு ஓரத்தில் "சிமிலி" என்று எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். அதில் ஒப்புமை இல்லை, கோப்பி மேல் ஆசைதான் இருக்கிறது. இதைவிட நுட்பமான தவறும் ஒன்று உண்டு. "அவள் அவள் அம்மாவைப் போலப் பாடுகிறாள்" என்பதில் உருபு இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. ஆனால் பாடும் பெண்ணைப் பாடும் பெண்ணோடு ஒப்பிடுகிறோம். அது வெறும் தகவல். "அவள் துருப்பிடித்த கதவு போலப் பாடுகிறாள்" என்றால் சிமிலி. வேறு வேறு இனத்துப் பொருள்கள் சந்திக்க வேண்டும், சந்திப்பில் கொஞ்சம் அதிர்ச்சியும் வேண்டும்.

மெட்டஃபர் என்பது உருவகம். இதில் "போல" இல்லை. இது அதுபோல் இருக்கிறது என்று சொல்லாமல், இது அதுவே என்கிறோம். "எருமை போன்ற பெர்ரி" சிமிலி. "பெர்ரி, களைத்த எருமை" மெட்டஃபர்.

இதுவரை எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். "போல இருந்தா சிமிலி, இல்லாட்டி மெட்டஃபர்" என்று ஒப்பிப்பதோடு நின்றுவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் சுவையான பகுதி.

ஒவ்வோர் ஒப்புமையிலும் இரண்டு பக்கம் உண்டு: பேசப்படும் பொருள், அதற்குக் கடன் கொடுக்கும் பொருள். இங்கே பேசப்படுவது பெர்ரி, கடன் கொடுப்பது எருமை. எருமையிடம் கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. கறுப்பு நிறம், கொம்பு, சேறு, பால், பிடிவாதம், சுமை இழுப்பது, மெதுவான நடை. கவிதை அத்தனையையும் வாங்குவதில்லை. என் நான்கு வரியில் "களைத்த" என்ற சொல் கதவில் நின்றுகொண்டு உழைப்பையும் அசதியையும் மட்டும் உள்ளே விடுகிறது. பாலுக்கு அங்கே இடமில்லை. நல்ல மெட்டஃபரில் எது வந்தது, எது வெளியே நிற்கிறது என்று இரண்டையும் சொல்ல முடிந்தால், அதைப் புரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், ஒரே மெட்டஃபர் வரி வரியாகத் தொடர்வதும் உண்டு. பெர்ரி எருமை என்று முதல் வரியில் சொல்லியாயிற்று. இரண்டாம் வரியில் அது தலையை முட்டுகிறது, மூச்சு விடுகிறது. நான்காம் வரியில் அதற்குக் கழுத்து இருக்கிறது, ஒருவர் தடவிக் கயிறு கட்டுகிறார். இப்படி நீளும் உருவகத்தை எக்ஸ்டெண்டட் மெட்டஃபர் என்பார்கள். நான்காம் வரியைப் படிக்கும்போது கட்டப்படுவது கப்பலா மாடா என்று ஒரு நொடி குழம்பினால், அந்தக் குழப்பத்துக்காகத்தான் நான் அந்த வரியை எழுதினேன்.

இன்னொரு வகை, செத்த உருவகம். டெட் மெட்டஃபர். "மேசைக்கால்" என்கிறோம், மேசை நடக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு காலத்தில் உருவகமாகப் பிறந்து, பேசிப் பேசித் தேய்ந்து, சாதாரணச் சொல்லாகிவிட்டது. நூல் கோக்கும் ஓட்டைக்கு நாம் ஊசியின் காது என்கிறோம், ஆங்கிலேயர் ஊசியின் கண் என்கிறார்கள். கடிகாரத்தில் நமக்கு முள், அவர்களுக்குக் கை. ஒரே ஓட்டை, ஒரே கம்பி. இரண்டு மொழிகள் இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தான். செத்த உருவகம் அந்த ஒரு நிமிடம் அவனுக்கு உயிர்த்துவிட்டது. ஆனால் தேர்வில் மேசைக்காலைச் சுட்டிக்காட்டி மெட்டஃபர் என்று எழுதாதீர்கள், மதிப்பெண் வராது.

சரி, இதுவரை பார்த்தது: புலனைத் தொட்டால் இமேஜரி. இனம் வேறான இரண்டை "போல" என்று சேர்த்தால் சிமிலி, இது அதுவே என்றால் மெட்டஃபர். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், எந்தக் குணம் கடனாக வந்தது?

## பெர்சோனிஃபிகேஷன்: கொடி கை காட்டும்போது

மனிதர் அல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலையோ உணர்ச்சியையோ தருவது பெர்சோனிஃபிகேஷன். "கொடிமலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது" என்றால் மலை ஆளாகிவிட்டது. கவனம்: என் பெர்ரி மூச்சு விடுவது பெர்சோனிஃபிகேஷன் என்று சொல்ல முடியாது. அது மனிதனாக ஆகவில்லை, மாடாக ஆகியிருக்கிறது. உயிரில்லாதது உயிர் பெற்றாலே பெர்சோனிஃபிகேஷன் என்று நினைத்தால் இங்கே தவறிவிடும்.

தமிழ் மாணவருக்கு இதில் கூடுதலாக ஒன்று தெரியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோ அதை "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார். வராதே என்று கொடி கை காட்டுகிறதாம். காற்று வீசினால் கொடி அசையும், அது இயற்கை. அந்த அசைவுக்குக் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார், ஆகவே தற்குறிப்பேற்ற அணி. ஆங்கிலத்தில் இதற்குச் சமமான ஒற்றைச் சொல் கிடையாது. பக்கத்தில் வருவது பெத்தெட்டிக் ஃபாலசி. மனித உணர்ச்சியை இயற்கையின்மேல் ஏற்றுவதற்கு 1856இல் ஜான் ரஸ்கின் என்ற விமர்சகர் வைத்த பெயர். ஃபாலசி என்றால் பிழை. அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். இன்றைய வகுப்பறையில் குறைசொல்லும் தொனி போய்விட்டது. நம் இலக்கணக்காரர்கள் அணி என்று வைத்ததை ஒரு விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் பிழை என்று தொடங்கினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம் உண்டு.

அந்தக் கொடி இன்னொரு வேலையும் செய்கிறது. கோவலன் மதுரையில் கொல்லப்படப் போகிறான். கதை முன்னால் வைத்திருப்பதை இப்போதே லேசாகக் காட்டிவிடுவதற்கு ஆங்கிலத்தில் ஃபோர்ஷேடோயிங் என்று பெயர். ஒரே வரிக்கு இரண்டு பெயர் பொருந்துவதில் தவறே இல்லை. ஒரே ஆள் அப்பாவாகவும் ஆசிரியராகவும் இருப்பதில்லையா?

## சிம்பல்: அங்கே எருமை இல்லை

மெட்டஃபரையும் சிம்பலையும் குழப்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சிம்பல் என்பது குறியீடு. கதைக்குள் உண்மையாகவே இருக்கும் ஒரு பொருள், தன்னைத் தாண்டி இன்னொன்றையும் சுமப்பது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நான் சொல்லித்தரும் வழி எளிது. காட்சிக்குள் போய்ச் சுற்றிப் பாருங்கள். என் கவிதையின் துறையில் எருமை நிற்கிறதா? இல்லை. பெர்ரி மட்டும்தான் இருக்கிறது, எருமை சொல்லில் வந்தது. ஆகவே மெட்டஃபர். இப்போது மதுரை அரசவைக்குள் போங்கள். சிலம்பு இருக்கிறதா? இருக்கிறது. கையில் எடுக்கலாம், உடைக்கலாம். கண்ணகி உடைக்கவும் செய்கிறாள், உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. அது நிஜச் சிலம்பு. கதை போகப் போக அது அவளுடைய கற்பையும் நீதியையும் அரசன் தவறியதையும் சுமக்கத் தொடங்குகிறது. ஆகவே சிம்பல்.

ஒரு பொருள் வந்தவுடனே குறியீடாகிவிடாது. சிவப்பு என்று வந்தால் ரத்தம், வெள்ளை என்றால் தூய்மை என்று எழுதித் தள்ளுகிறார்கள். சில நேரம் சிவப்புச் சட்டை சிவப்புச் சட்டைதான். அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா, முக்கியமான இடத்தில் வருகிறதா, அதை எடுத்துவிட்டால் கதைக்கு ஏதாவது ஆகுமா என்று பாருங்கள். சிலம்பை எடுத்துவிட்டால் காப்பியத்துக்குப் பெயரே இல்லை.

## ஐரனி: மழை பெய்தால் ஐரனி இல்லை

இந்தச் சொல்தான் ஊரில் அதிகம் அடிபடுவது. எதிர்பாராதது எது நடந்தாலும் "வாட் என் ஐரனி" என்கிறார்கள். "தைப்பூசத்தன்று மழை பெய்தது, எவ்வளவு ஐரனி!" இல்லை. அது மழை. போதாத நேரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தைப்பூசத்தையே வைத்து விளக்குகிறேன். பினாங்கில் ரதம் போகும் வழி முழுக்கத் தண்ணீர்மலைக் கோயில் வரை தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். ஒரு கதை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்ட ஒருவர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காலையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுக்கிறார். தான் ஒரு வாய் குடிக்க மறந்து, மத்தியானம் தாகத்தில் மயங்கி விழுகிறார். இது ஐரனி. மழையில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: நடந்ததற்கும் நடக்க வேண்டியிருந்ததற்கும் நடுவே தலைகீழான முரண். தாகம் தீர்ப்பவர் தாகத்தால் விழுகிறார். நிகழ்வில் அமைந்த இந்த முரணுக்கு சிட்டுவேஷனல் ஐரனி என்று பெயர்.

இரண்டாவது, பேச்சில் அமைவது: வெர்பல் ஐரனி. சொல்வது ஒன்று, பொருள் அதற்கு மாறானது. ஒரு மணி நேரம் தாமதமாக வந்த நண்பரிடம் "என்னங்க, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று கேட்பது. இதன் உச்சத்தை ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் செய்து காட்டியிருக்கிறார். அதியமானின் தூதராகப் போன அவரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை என்ன சொல்கிறார்? உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பதற்குத் தொண்டைமானைப் புகழ்வது போல இருக்கிறது. உண்மையில், நீ போரே செய்ததில்லை என்கிறார். ஒரு வசைச்சொல்கூட இல்லை. நாம் வஞ்சப் புகழ்ச்சி என்று படித்தது இதைத்தான். தமிழ்ப் பெயர் புகழ்வதுபோல் பழிப்பதற்கும் பழிப்பதுபோல் புகழ்வதற்கும் மட்டும் உரியது. வெர்பல் ஐரனியின் எல்லை அதைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே சர்காசம் என்ற சொல்லும் வந்து ஒட்டிக்கொள்ளும். அது காயப்படுத்தும் நோக்கத்தோடு வரும் வெர்பல் ஐரனி, நம் ஊரில் குத்திப் பேசுவது என்போம்.

மூன்றாவது, டிராமாட்டிக் ஐரனி. படிக்கிற நமக்கு ஒன்று தெரியும், கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஜூலியட் மருந்து குடித்துத் தூங்குகிறாள் என்று நமக்குத் தெரியும். ரோமியோவுக்குத் தெரியாது. அவன் அவளைப் பிணம் என்று நினைத்து நஞ்சைக் கையில் எடுக்கும்போது நமக்கு மேடைமேல் ஏறித் தடுக்கத் தோன்றுகிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லனே என்று நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அந்தத் திருடன் வாயாலேயே கோவலனைக் கள்வன் என்று அரசன் கேட்கிறான், கேட்டதை நம்புகிறான். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் என் பாட்டி "ஐயோ அவன்கிட்ட சொல்லாதேடி!" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். டிராமாட்டிக் ஐரனிக்கு அவரைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

மூன்றுக்கும் பொதுவாக இருப்பது இடைவெளி. நடப்பதற்கும் நடக்க வேண்டியதற்கும், சொல்லுக்கும் பொருளுக்கும், நமக்குத் தெரிந்ததற்கும் பாத்திரத்துக்குத் தெரிந்ததற்கும். இடைவெளியைக் காட்ட முடியவில்லை என்றால் ஐரனி என்ற சொல்லை எழுத வேண்டாம்.

## பேசுவது யார்?

"கவிஞர் தன் காதலியை இழந்து வருந்துகிறார்" என்று எழுதுகிறார்கள். யார் சொன்னது? கவிதையில் "நான்" என்று வந்தால் அது கவிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கவிதைக்குள் பேசுகிறவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர், கதையைச் சொல்கிறவருக்கு நரேட்டர். எழுதியவர் ஆத்தர். மூன்றும் வேறு வேறு.

இதை விளக்க ஆங்கில வகுப்பில் பலர் பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே வரி போதும். குறுந்தொகையில் "யாரும் இல்லை, தானே கள்வன்" என்று தொடங்கும் பாட்டு இருக்கிறது. எழுதியவர் கபிலர் என்ற ஆண், பேசுவது ஏமாற்றத்துக்கு அஞ்சி நிற்கும் ஒரு பெண். பாட்டின் மேலே "தலைவி கூற்று" என்று போட்டிருக்கும். அந்தக் கூற்றுத்தான் ஆங்கிலத்தில் ஸ்பீக்கர். கபிலர் பெண்ணாக இருந்தாரா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு ஆங்கிலக் கவிஞரின் வீட்டு விவகாரத்தில் மட்டும் ஏன் தலையிட வேண்டும்?

கதையில் "நான்" என்று சொன்னால் ஃபர்ஸ்ட் பெர்சன், "அவன், அவள்" என்று வெளியிலிருந்து சொன்னால் தேர்ட் பெர்சன். "நான்" என்று சொல்லும் நரேட்டருக்குத் தான் பார்த்ததும் கேட்டதும்தான் தெரியும், சில நேரம் அவர் பொய்யும் சொல்வார். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

## டோன், மூட்

டோன் என்பது பேசுகிறவரின் மனப்பாங்கு, குரலில் தெரிவது. மூட் என்பது படிக்கிறவருக்கு உண்டாகும் உணர்வு. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் தலைமையாசிரியர் முன்னால் உங்கள் அம்மா புன்னகையோடு, மெதுவாக, "வா கண்ணு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்கிறார். டோன் சாந்தம். உங்களுக்குள் எழும் மூட் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

## ஸ்டோரி, ப்ளாட், தீம்

இதை வேகமாக முடித்துவிடலாம். இ. எம். ஃபார்ஸ்டர் என்ற நாவலாசிரியர் 1927இல் சொன்ன விளக்கம் இன்றும் வகுப்புகளில் ஓடுகிறது. அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது ஸ்டோரி. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தில் அரசி இறந்தாள் என்றால் ப்ளாட். "அப்புறம் என்ன?" என்று கேட்க வைப்பது முதலாவது, "ஏன்?" என்று கேட்க வைப்பது இரண்டாவது.

தீம் என்பது படைப்பு வாழ்க்கையைப் பற்றி வெளிப்படுத்தும் எண்ணம். "காதல்" என்று ஒரு சொல்லில் எழுதினால் அது தலைப்புப் பொருள், தீம் ஆகாது. "காதல் இரண்டு குடும்பங்களின் பகையைத் தீர்க்கிறது, ஆனால் காதலர்களைப் பலி வாங்கிய பிறகு" என்று வாக்கியமாக எழுதினால் தீம். நீதிக்கதைகளில் பழகிய கை "ஆகவே நாம் பெற்றோர் சொல் கேட்க வேண்டும்" என்று படிப்பினை எழுதப் பார்க்கும். எழுத விடாதீர்கள்.

## ஓசை: மோனை சரி, எதுகை?

அலிட்டரேஷன் என்றால் அருகருகே வரும் சொற்கள் ஒரே மெய்யொலியில் தொடங்குவது. மோனைக்கு உறவுக்காரர். "கற்க கசடறக் கற்பவை கற்றபின்" என்பதைக் காதில் வாங்கியவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரே எச்சரிக்கை, ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். நகரத்தைக் குறிக்கும் "சிட்டி"யும் பூனையைக் குறிக்கும் "கேட்"டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும். ஆனால் ஒலி வேறு, அலிட்டரேஷன் இல்லை. கத்தியைக் குறிக்கும் "நைஃப்", இரவைக் குறிக்கும் "நைட்" தொடங்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. அது அலிட்டரேஷன்.

ரைம் என்றதும் பிள்ளைகள் எதுகை என்று மொழிபெயர்க்கிறார்கள். இங்கேதான் கைமுதல் காலை வாருகிறது. எதுகை என்பது அடிகளின் தொடக்கச் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. "அகர முதல" என்று தொடங்கும் குறளில் அடுத்த அடி "பகவன்" என்று தொடங்குகிறது, இரண்டிலும் நடுவே "க". நம் காது வரியின் தலையில் இருக்கிறது. ஆங்கிலக் காது வரியின் வாலில் இருக்கிறது: நைட், லைட், பிரைட். ஆகவே ரைமுக்கு உறவு எதுகை இல்லை, இயைபு. இதிலும் எழுத்தை நம்ப வேண்டாம். இருமலுக்கு உரிய "காஃப்", ஆனாலும் என்ற பொருள்படும் "தோ" இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே நான்கு எழுத்தில் முடிகின்றன, ஒலியில் ஒட்டே கிடையாது.

சீர், தளை மாதிரி ஆங்கில யாப்பிலும் கணக்கு உண்டு. அது தனி வகுப்பு.

## விடைத்தாளுக்குத் திரும்புவோம்

அந்த மாணவியை மறுபடி உட்கார வைத்து, என் பெர்ரி வரிகளைக் கொடுத்தேன். ஒரு பெயர்தான் எழுதலாம், மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்றேன். எந்தச் சொல்லில் இருக்கிறது? அது என்ன செய்கிறது? ஏன் இந்த இடத்தில்?

முதல் முயற்சியில் மறுபடியும் "கவிதை சுவாரஸ்யமாகிறது" வந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். எந்தக் கவிதைக்கும் ஒட்டுகிற வாக்கியம் எந்தக் கவிதையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை என்பது என் கட்சி. அரை மணி நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"பெர்ரியை எருமை என்று சொல்லும் மெட்டஃபர் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை போகிறது. 'களைத்த' என்ற சொல்லால் எருமையின் உழைப்புத்தான் பெர்ரிக்கு வருகிறது, அதன் முரட்டுத்தனம் வரவில்லை. மூன்றாம் வரியில் பயணிகள் திரும்பிப் பார்க்காமல் போகும்போது, நாள் முழுக்கச் சுமந்த மாட்டுக்கு நன்றி சொல்லாமல் போவது போல இருக்கிறது. கடைசி வரியில் கயிற்றுக்காரர் கழுத்தைத் தடவுகிறார். அவரும் அதோடு சேர்ந்து உழைத்தவர், அதனால் அவருக்குத்தான் தெரிகிறது."

அந்தக் கடைசி வாக்கியம், கவிதையை எழுதிய எனக்கே தோன்றாதது. பத்துக்கு ஒன்பது போட்டேன். "மீதி ஒண்ணு எங்கே டீச்சர்?" என்றாள். மெட்டஃபர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைத்து எழுதியிருந்தாள்.